ஞாயிற்றைக் கடிந்த புலவர்

அகத்திணைக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். காதலர் நெஞ்சில் நிகழ்வது உரிப்பொருள்; அது நிகழ்தற்கு இடமும் காலமும் முதற்கண் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயினும், காலம் அனைத்தையும் அரித்துவிடும் என்னும் நிலையாமைச் செய்தியை அவர் அகத்தில் வைத்தாரல்லர். புறத்தில், காஞ்சித் திணையில் வைத்தார். காதலுக்கு ஒரு மனை. நிலையாமைக்கு வேறொரு மனை. பாலைப் பாட்டிலே பொருள் தேடப் புறப்படும் தலைவனைத் தடுக்கும் தோழி, கழிந்த இளமை மீளாது என எடுத்துக்காட்டுவாள். இரு மனைக்கும் இடையே உள்ள சிறு வாயில் அது. அவ்வளவே.

நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலே வாழ்ந்த புலவர் ஒருவர் இவ்விரண்டையும் ஒரே அவையில் எதிரெதிரே நிறுத்தி வழக்காட விட்டார். காதல் வாதி, காலம் பிரதிவாதி. அவர் பெயர் ஜோன் டன். நம் குமரகுருபர அடிகள் வாழ்ந்த அந்தப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தவர். அவர் வழிவந்த புலவர் கூட்டத்தை ஆங்கிலேயர் ஒரு தனிப் பெயரால் அழைப்பர். நாம் அதனை மெய்ப்பொருட் புலவர் என்று தமிழாக்கிக் கொள்ளலாம். அது புகழ்ச்சியாகப் பிறந்த பெயர் அன்று. 1693இல் திறனாய்வாளர் டிரைடன், காதற் பாட்டிலும் தத்துவத்தைப் புகுத்தி மகளிர் மனத்தைக் குழப்புகின்றார் என்று டன் மீது குறை சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டில் சாமுவேல் ஜோன்சன் அக்குறையையே பெயராக்கி ஒரு குழுவினர்க்குச் சூட்டிவிட்டார். பழித்தற்கு இட்ட பெயர் பின்னர்ப் பட்டமாகிவிடுதல் இலக்கிய உலகிற் புதிதன்று.

டன்னின் பாட்டை மட்டும் படிப்பவர் அவரை ஒரு சொற்சிலம்பர் என்று எண்ணக்கூடும். வாழ்க்கையையும் உடன்வைத்துப் படிப்பவர்க்கே அந்த வழக்கின் செலவு எவ்வளவு, அதனைச் செலுத்தியவர் யார் என்பது விளங்கும். ஆகையாற்றான் அவர் வரலாற்றை இங்கே சொல்லப் புகுந்தேன்.

டன் 1572இல் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை இரும்பு வாணிகர். மைந்தன் நான்கு வயதுச் சிறுவனாய் இருக்கையிலேயே இறந்துபட்டார். தாயின் குடி பெரிது. ஆயின் அக்காலத்தில் ஆபத்தானது. எட்டாம் ஹென்றி மன்னனுக்கு இணங்காமல் 1535இல் தலை கொடுத்த தோமஸ் மோரின் உடன்பிறந்தாள் வழியில் வந்தவர் அவ்வம்மையார். எலிசபெத் அரசியின் ஆட்சியிற் கத்தோலிக்கராய் இருத்தல் குற்றத்தோடு ஒத்தது. தாய்மாமன் ஒருவர் யேசு சபைத் துறவி. சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார். டன் பதினொன்று பன்னிரண்டு வயதிலேயே ஒக்ஸ்போர்டிற் சேர்ந்து பயின்றும் பட்டம் பெறவில்லை. பட்டம் பெற வேண்டின் திருச்சபைக்கும் அரசியே தலைவி என்று ஆணையிட வேண்டும். அதனைச் செய்யக் குடும்ப நெறி இடந்தரவில்லை.

1593இல் இளவல் ஹென்றி, ஒரு கத்தோலிக்கக் குருவைத் தன் அறையில் மறைத்து வைத்தமைக்காகச் சிறையில் அடைக்கப்பட்டான். சிறையிற் பரவிய கொள்ளைநோய் விசாரணைக்கு முன்னரே அவனைக் கொண்டுபோயிற்று. அந்தக் குரு அடுத்த ஆண்டிற் கொல்லப்பட்டார். டன்னுக்கு அப்போது வயது இருபத்தொன்று. பிற்காலத்தில் அவர் மரணத்தைப் பற்றி அவ்வளவு பேசினாரே என்று வியப்பவர் இந்த இளமையை மறந்துவிடுகின்றனர்.

அதற்குச் சற்று முன்பின்னாக அவர் இலண்டனில் சட்டம் பயின்றார். வழக்குரைஞர் பேச்சு முறை அவர் பாட்டில் ஏறியது அங்கேதான். பகலிற் சட்டநூல், மாலையில் நாடக அரங்கு, இரவில் நண்பர் கையில் ஏட்டுப்படியாய்ச் சுழலும் காதற்பாட்டு என்று கழிந்த காலம் அது. அக்காலப் பாட்டுக்களிற் பல குறும்பும் துணிச்சலும் மிக்கவை. இருவரையும் கடித்த தெள்ளுப்பூச்சி ஒன்றைச் சான்றுக்கு அழைத்து நங்கையை இணங்க வைக்க முயலும் பாட்டும் அவற்றுள் ஒன்று. புலமை உண்டு, நமக்குச் சிறிது அருவருப்பும் உண்டு. பெண்ணின் மனம் ஒருநாளைக்கு ஒருநாள் மாறும் என்று எள்ளும் பாட்டுக்களும் உள. காதல் நிலையில்லாதது என்று நகைத்துத் திரிந்த இளைஞர் அவர் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேற்செல்வோம். 1596இல் ஸ்பானியத் துறைமுகமாகிய காடிசின் மீதும், மறு ஆண்டு அசோர்ஸ் தீவுகளை நோக்கியும் சென்ற கடற்படைகளில் அவரும் இருந்தார்.

திரும்பி வந்தவர்க்கு நல்லூழ் காத்திருந்தது. அரசியின் முத்திரை காக்கும் பேரமைச்சராகிய சேர் தோமஸ் எகர்ட்டன் அவரைத் தம் செயலாளராக அமர்த்தினார். மிடுக்கான இளைஞர், கூரிய அறிவு, எகர்ட்டனின் மாளிகையிலேயே உறைவிடம். இன்னும் பத்தாண்டில் தூதராகவோ அமைச்சராகவோ உயர்வார் என்று கண்டோர் கருதியிருப்பர்.

அந்த மாளிகையில் எகர்ட்டனின் மனைவியாரோடு அவருடைய மருமகள் ஒருத்தியும் வாழ்ந்தாள். ஆன் மோர் என்பது பெயர். சறே மாவட்டத்து லோஸ்லி மாளிகைத் தலைவர் சேர் ஜோர்ஜ் மோரின் மகள். டன் அவளை முதலிற் கண்டபோது அவளுக்குப் பதினான்கு வயதளவே இருந்திருக்கும். 1600ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எகர்ட்டனின் மனைவியார் இறந்துபட, தந்தை மகளைத் தம் ஊருக்கு அழைத்துக்கொண்டார். நம் அகப்பொருள் நூலார் கூறும் இற்செறிப்பு என்க. 1601இன் பிற்பகுதியிற் கூடிய பாராளுமன்றத்திற்காகச் சேர் ஜோர்ஜ் இலண்டன் வந்தார்; மகளும் உடன் வந்தாள். டன்னும் அப்பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று கிழமை முன்பு, ஐவரளவே அறிய, இருவரும் மணந்துகொண்டனர். மணம் முடிந்ததும் மணமகள் ஒன்றும் நிகழாதவள்போல் தந்தையோடு ஊர் திரும்பினாள். வயது பதினேழு.

உடன்போக்கும் இன்றி, ஊரறி மணமும் இன்றி, களவிலேயே நிகழ்ந்த கற்பு இது. அறத்தொடு நிற்கத் தோழி ஒருத்தி வேண்டுமே! இங்கே அத்தொழிலைச் செய்தவர் நோதம்பர்லாந்துப் பிரபு. 1602 பெப்ரவரித் தொடக்கத்தில் டன் எழுதிய கடிதத்தை அவரே எடுத்துச் சென்று சேர் ஜோர்ஜிடம் கொடுத்தார். தந்தை வெகுண்டார். டன் சிறையில் அடைக்கப்பட்டார். மணம் முடித்து வைத்த குருவும், பெண்ணைக் கையளித்த நண்பரும் தனித்தனிச் சிறைகளில் அடைக்கப்பட்டனர். சேர் ஜோர்ஜின் வேண்டுகோளால் எகர்ட்டன் டன்னை வேலையினின்றும் நீக்கினார். ஏப்ரலில் மணம் செல்லும் என்று நீதிமன்றம் தீர்த்தது. சினம் தணிந்த மாமனார், இவரை மீண்டும் அமர்த்துக என்று தாமே சென்று கேட்டார். எகர்ட்டன் மறுத்துவிட்டார். முப்பது வயதில் டன்னுக்கு மனைவி இருந்தாள். தொழில் இல்லை, வீடும் இல்லை. சீர்வரிசை எதுவும் வரவில்லை.

இதன்பின் பதின்மூன்று ஆண்டுகள். டன்னின் பாட்டுக்களுக்கு எழுதிய நாள் தெரிவது அரிது. அவை அவர் வாழ்நாளிற் பெரும்பாலும் அச்சேறவில்லை. எனினும் எழுஞாயிற்றைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாட்டில் வேட்டைக்குச் செல்லும் மன்னன் ஒருவன் குறிக்கப்படுகின்றான். 1603இல் எலிசபெத் அரசி இறந்த பின்னரே நாட்டுக்கு மன்னன் வந்தான். அவன் வேட்டைப் பித்தனாகிய முதலாம் ஜேம்ஸ். ஆகவே அப்பாட்டு மணமான பின்னர், வறுமையின் நடுவிற் பிறந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். இது சிறு செய்தி அன்று. காலையொளி சாளரத்தின் வழியே புகுந்து காதலரை எழுப்புகிறது. டன் அஞ்சினாரல்லர், ஞாயிற்றைக் கிழட்டு மூடன் என்னும் பொருள்பட வைகின்றார். போய் வேறு எவரையேனும் எழுப்பு, எங்களுக்கு நாளும் இல்லை, மாதமும் இல்லை என்ற கருத்திலே துரத்துகின்றார். பின்பு இரக்கம் கொண்டவர்போல், உலகம் முழுதும் இந்தப் படுக்கையிலேயே அடங்கிவிட்டது. இதனைச் சுற்றினாற் போதும், உனக்கும் வேலை எளிதாகும் என்று சலுகையும் தருகின்றார்.

விடியலைப் பகையாகக் கண்ட காதலர் நம் இலக்கியத்திலும் உளர். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய தலைவிக்குக் கோழி கூவ, வைகறையே வாள்போல் வந்து பிரிக்கின்றது. அவள் நடுங்குகின்றாள். டன் வைகின்றார். வேறுபாடு அதுதான். நோர்வூட்டைச் சூழ்ந்த இம்மலைகளில் வாழ்வோர்க்கு இவ்விரண்டும் விளங்கும். முன்னாளிலே தோட்டங்களில் ஞாயிறு எழுமுன்பே பெரட்டுத் தப்பு முழங்கும். லயத்தில் உறங்கும் கணவனும் மனைவியும் அந்த முழக்கத்தில் எழுந்து பனியில் நடந்து பெரட்டுக்களத்துக்குச் செல்ல வேண்டும். அவர்களுக்குப் பொழுது என்பது வானத்தில் இல்லை. தப்புக் கோலில் இருந்தது. எழுப்ப வந்தவனை வைவதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை. டன்னுக்கு இருந்தது, ஏனெனில் அவரை எழுப்பி அழைக்க உலகில் எந்த வேலையும் இல்லை. மன்னனும் செல்வமும் தமக்கு ஈடல்ல என்று அவர் அப்பாட்டிற் செம்மாந்து பேசுவதன் பின்னால், அரசவை அவரைக் கைவிட்டுவிட்ட செய்தி மறைந்து கிடக்கின்றது.

முதலில் ஆன் அம்மையாரின் உறவினர் ஒருவரது வீட்டில் ஒதுங்கியிருந்தனர். பின்னர் இலண்டனுக்குத் தெற்கே மிச்சம் என்னும் சிற்றூரில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தனர். குழந்தைகள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்றாகப் பிறந்தன. அங்கிருந்து டன் நண்பருக்கு எழுதிய கடிதமொன்று இருக்கின்றது. மூன்று குழந்தைகள் கூச்சலிட்டு விளையாட, அடுப்புத் தீயின் அருகே, தம்மால் இவ்வறுமையிற் கொண்டுவந்து நடப்பட்ட மனைவியின் பக்கத்தில் அமர்ந்து எழுதுவதாகவும், அவள் அத்துன்பத்தை உணராதிருக்கத் தாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பதாகவும் அதில் தெரிவிக்கின்றார். அந்த வீட்டிலிருந்துகொண்டே, 1608அளவில், தற்கொலை எப்போதும் பாவமாகாது என்று வாதிக்கும் ஒரு நூலையும் எழுதினார், அச்சிடத் துணியவில்லை. மாமனார் மனம் இளகி மகளுக்குரிய பொருளில் ஒரு பகுதியைத் தர இசைந்தது அந்நாளிற்றான்.

ஆன் அம்மையாரைப் பற்றி ஈண்டு நிறுத்திச் சொல்ல வேண்டும். டன் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கு மேற்பட்டன எஞ்சியுள்ளன. ஆன் எழுதிய ஒரு வரிகூட இன்று இல்லை. பதினாறு ஆண்டு இல்வாழ்க்கையிற் பன்னிரண்டு மகப்பேறு. அவற்றுள் இரண்டு உயிரின்றிப் பிறந்தவை. காலத்தைத் தம் காதல் வென்றுவிட்டது என்று கணவர் பாடினார். ஓராண்டு நிறைவைக் கொண்டாடும் பாட்டொன்றில், அரசரும் அழகரும் அறிஞரும், ஞாயிறும்கூட, ஓராண்டு மூத்துவிட, எங்கள் காதல் மட்டும் மூவாதிருக்கின்றது என்ற கருத்தை அமைத்தார். அவ்வம்மையாரோ ஆண்டுகளைப் பிள்ளைகளாற் கணக்கிட்டிருப்பார். டன்னை வியந்து எழுதும் திறனாய்வாளர் பலர் இக்கணக்கை ஒரு வரியிற் கடந்துபோவது எனக்கு உடன்பாடன்று. காதல் மூவாதிருந்திருக்கலாம். உடம்பு மூத்தது, அது யாருடைய உடம்பு என்பதே வினா.

1611இன் இறுதியிற் சேர் றொபர்ட் ட்ரூரி என்னும் செல்வர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் புறப்பட்டார். டன்னையும் உடன் அழைத்தார். அச்செல்வரின் ஒரே மகளாய் எஞ்சியிருந்த எலிசபெத் முந்திய ஆண்டிற் பதினான்கு வயதில் இறந்திருந்தாள். டன் அவளைக் கண்டதில்லை. எனினும் அவள் நினைவுக்கென இரு நெடும்பாட்டுக்கள் பாடினார். உலகமே முதுமையுற்று இறந்துகொண்டிருக்கின்றது என்பது அவற்றின் பொருள். கலிலியோ தொலைநோக்கியிற் கண்டவற்றை அச்சிட்டு வெளியிட்ட ஆண்டு 1610. பழைய வானநூல் சரிந்துகொண்டிருந்தது. அவ்வதிர்ச்சி பாட்டில் ஏறிய முதற் சில இடங்களுள் இதுவும் ஒன்று.

செலவுக்கு ஆன் இசையவில்லை. வயிற்றிற் குழந்தை, மனத்திலோ ஏதோ தீங்கு நேரும் என்ற அச்சம். தலைவி வருந்துதல் கண்டு தலைவன் செலவழுங்குதல் நம் பாலைத்திணை மரபு. டன் அழுங்கவில்லை, ட்ரூரிக்குப் பட்ட கடன் அப்படி. அப்போது மனைவி கையிற் கொடுத்துச் சென்றது என்று வரலாற்றாசிரியர் ஐசக் வோல்ட்டன் குறிப்பிடும் பாட்டே டன்னின் பாட்டுக்களுட் பலராலும் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது. பிரிவுக்கு அழ வேண்டா என்பது அதன் பொருள். அதில் வரும் உவமை கவராயம். பள்ளி மாணவர் வட்டம் வரையும் அதே கவராயம்! ஒரு கால் நடுவில் ஊன்றி நிற்கும்; மறுகால் தொலைவிற் சுற்றும். நின்ற கால் அசைவதில்லை. ஆயினும் சென்ற காலின் பக்கம் சாய்ந்து ஏங்கும். அது வீடு திரும்பும்போது நிமிர்ந்து எழும். முல்லையின் இருத்தலையும் பாலையின் பிரிதலையும் ஒரு சிறு கருவியில் அடக்கிவிட்டார். இதனை வெறும் சொல் வித்தை என்று ஜோன்சனைப் போற் சொல்வார் சொல்லட்டும்.

இம்மலைநாட்டார் பிரிவை அறிந்தவர். 1964 ஒக்டோபர் உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதி வைத்தது. அதன்பின் அட்டன் முதலிய நிலையங்களினின்றும் தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தனர். டன்னின் கவராயத்துக்கு ஒரு கால் ஊன்றிய நிலம் இருந்தது. சென்றது மீளும் என்ற உறுதியும் இருந்தது. இரண்டும் இல்லாத பிரிவுக்கு அழ வேண்டா என்று எவர் பாடுவார்?

பாரிஸ் நகரில் ஒருநாள் டன் தனித்திருந்தபோது, மனைவி கூந்தல் தோள்மேல் விரிந்து கிடக்க, கையில் இறந்த குழந்தையோடு தம் அறையைக் கடந்து சென்றதைக் கண்டதாக நண்பரிடம் கூறினாராம். வோல்ட்டன் சொல்லும் கதை இது. வோல்ட்டன் கதை சொல்லுவதில் வல்லவர். ஆகையால் முழுதும் நம்ப வேண்டியதில்லை. ஆனால், 1612 ஜனவரியில் ஆன் உயிரற்ற குழந்தையைப் பெற்றார் என்பது உண்மை. கவராயத்தின் நின்ற கால் தனியே அத்துயரைத் தாங்கியது.

நாடு திரும்பிய பின்னரும் அரசவையிற் பதவி வாய்க்கவில்லை. ஜேம்ஸ் மன்னர் இவரைத் திருச்சபைக்கே உரியவர் என்று முடிவுசெய்து வேறு கதவுகளை மூடிவிட்டார். பல ஆண்டு தயங்கிய டன் 1615 ஜனவரியில் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகத் திருநிலை பெற்றார். சிறையில் இறந்த இளவலும், நாடு கடந்த மாமனும், இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்த தாயும் அவர் நெஞ்சில் என்ன சொன்னார்களோ! இது பிழைப்புக்காகச் செய்தது என்பாரும் உளர்; நெடிய மனப்போரின் முடிவு என்பாரும் உளர். இரண்டும் ஒருசேர இருத்தல் மனித இயல்புக்கு மாறானதன்று. எவ்வாறாயினும் வறுமை நீங்கத் தொடங்கியது.

நீங்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே, 1617 ஆகத்து 15ஆம் நாள், பன்னிரண்டாம் மகப்பேற்றில் உயிரற்ற குழந்தையைப் பெற்ற சில நாட்களில் ஆன் அம்மையார் உயிர் நீத்தார். வயது முப்பத்துமூன்று. எஞ்சிய பிள்ளைகள் எழுவர். வறுமைக் காலம் முழுதும் உடனிருந்தவர்க்கு வளமான காலத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. டன் மறுமணம் செய்யவில்லை.

காதலைக் காலம் தீண்டாது என்று அத்தனை வாதம் பேசியவர் மனைவியின் இறப்பை எவ்வாறு பாடினார்? நெடிய கையறுநிலைப் பாட்டை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். பதினான்கடிப் பா ஒன்று இருக்கின்றது. அவள் மீது வைத்த அன்பே கடவுளைத் தேடத் தமக்கு வழிகாட்டியது என்று அதில் ஒப்புக்கொள்கின்றார். கடவுளோ தம் உள்ளத்தைப் பங்கிட விரும்பாத காதலராகிவிட்டார் என்ற குறையும் உள்ளே ஒலிக்கின்றது. ஒரேயொரு கையெழுத்துப் படியில் ஒளிந்திருந்த அப்பா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அச்சு வடிவம் கண்டது. அக்காலத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலாகக் கொள்ளப்பட்ட புனித லூசியின் திருநாளை வைத்து எழுதிய இன்னொரு பாட்டு உண்டு. ஒளி முழுதும் வற்றி, காதலே இரசவாதம் செய்து தம்மை வெறுமையின் சாறாக வடித்துவிட்டது என்பது அதன் பொருள். அது மனைவியின் மறைவைப் பற்றியதா, அவர்க்குப் புரவலராயிருந்த லூசி என்னும் சீமாட்டியைப் பற்றியதா என்று அறிஞர் இன்றும் முடிவு காணவில்லை. எழுஞாயிற்றை வைத அதே புலவர், ஞாயிறு தமக்கு இனி எழாது என்று சொல்லுமிடம் அது. இரு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்குமாறு மாணவர்க்கு நான் சொல்வதுண்டு.

1621இல் அவர் இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவானார். திரண்ட மக்கள் அவர் உரையைக் கேட்டு அழுதனர். முன்பு நங்கையரிடம் வழக்காடிய நா இப்போது மரணத்தோடு வழக்காடியது. 1623இன் இறுதியிற் கடுங்காய்ச்சல் கண்டு படுக்கையில் இருந்தபடியே, நோயின் ஒவ்வொரு படியையும் தியானமாக்கி எழுதி, மறு ஆண்டில் நூலாக வெளியிட்டார். அயலில் ஒலிக்கும் சாவு மணி யாருக்காக என்று வினவும் பகுதி அதில் உள்ளது. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1940இல் தம் நாவலுக்கு அதிலிருந்தே பெயர் எடுத்தார். 1627இல் மகள் லூசி பதினெட்டு வயதில் இறந்தாள்.

1631 பெப்ரவரி 25ஆம் நாள், உடல் உருகி எலும்பு தோன்றும் நிலையில், சாள்ஸ் மன்னர் முன்னிலையில் தம் இறுதி உரையை நிகழ்த்தினார். கேட்டவர், தமக்குத் தாமே இரங்கலுரை ஆற்றிக்கொண்டார் என்றனர். பின்பு வீட்டிற் பிணத்துணியைச் சுற்றிக்கொண்டு, மரத்தாழி ஒன்றின்மேல் ஏறி நின்று, ஓவியரைக் கொண்டு தம் உருவத்தை எழுதுவித்தார். அவ்வோவியத்தைப் படுக்கையருகே வைத்து நாளும் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு மார்ச்சு 31ஆம் நாள் உயிர் பிரிந்தது.

பாட்டுக்கள் நூலாக வந்தது 1633இலேதான். அவர்வழி வந்தவருட் பின்னவரான அண்ட்ரூ மார்வெல், டன் பேராலயத் தலைமை ஏற்ற அதே 1621இற் பிறந்தவர். காலம் துரத்துகின்றது, ஆதலின் விரைந்து இணங்குக என்று நங்கையை நெருக்கும் அவர் பாட்டு மாணவரிடையே பெரும்புகழ் உடையது. அங்கே காலம் காதலனுக்குத் துணை. டன்னுக்கோ அது பகைவன். இந்த நுட்பத்தைக் காணாமல் இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுவோர் பலர். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டினர் டன்னைப் பெரிதும் படிக்கவில்லை. 1912இல் கிரியர்சன் ஆய்ந்து வெளியிட்ட பதிப்பும், 1921இல் தி. எஸ். எலியட் எழுதிய கட்டுரையுமே அவரை மீண்டும் அரியணை ஏற்றின.

பிணத்துணி ஓவியத்தைப் பார்த்து நிக்கலஸ் ஸ்டோன் என்னும் சிற்பி வெண்கல்லில் வடித்த சிலை பேராலயத்தில் நிறுவப்பட்டது. 1666இல் இலண்டனைத் தின்ற பெருந்தீயிற் பேராலயம் எரிந்து வீழ்ந்தது. சிலை மட்டும் ஏறத்தாழ முழுதாய்த் தப்பியது. அடியிலுள்ள தாழியில் எரிந்த வடு இருக்க, இன்றும் அது புதிய பேராலயத்தில் நிற்கின்றது.

ஆன் அம்மையாரை அடக்கம் செய்தது புனித கிளெமெந்து டேன்ஸ் ஆலயத்தில். டன் அங்கு ஒரு நினைவுக்கல் வைத்து, இலத்தீன் மொழியிற் கல்வெட்டும் எழுதினார். தம் சாம்பல் இவ்விடத்திலேயே அவள் சாம்பலோடு புதுமணம்போற் கலக்க வேண்டும் என்று அதில் வாக்குக் கொடுத்திருந்தார். பதவி அவரைப் புனித பவுல் பேராலயத்திலேயே புதைத்தது. இரண்டு இடத்துக்கும் இடையே ஒரு மைலுக்கும் குறைவான தொலைவுதான். கிளெமெந்து ஆலயம் அந்நூற்றாண்டிலேயே இடித்துக் கட்டப்பட்டது. அம்மையாரின் கல் மறைந்தொழிந்தது. டன் தம் கையால் எழுதிய கல்வெட்டு வரைவுத் தாள் மட்டும் லோஸ்லி மாளிகையில், மணத்தை மறுத்த அந்த மாமனாரின் குடும்பத்து ஏடுகளிடையே, காப்பாற்றப்பட்டுக் கிடந்தது. இன்று அது வாஷிங்டன் நகரத்து நூலகம் ஒன்றில் இருக்கின்றது.